நாற்பது கேசட்டுகள் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் வேலந்தாவளத்திலிருந்து எழுதுகிறேன். வயது 44. கோவையில் மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் வேலை, தினமும் பைக்கில் போய்வருகிறேன். உங்கள் கட்டுரைகளை மூன்று வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

சின்ன வயதில் இளையராஜா, பத்தாவது படிக்கும்போது ரகுமான், இப்படிப் பாட்டு இல்லாமல் எனக்கு ஒரு நாள் போகாது. ஆனால் ஆறேழு வருடமாகப் புதுப் பாட்டு எதுவும் மனதில் ஒட்டுவதில்லை. ஒரே இரைச்சலாகத் தெரிகிறது, வார்த்தை புரிவதில்லை. என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். போனில் ஒரு பாட்டை அரை நிமிஷம்கூட முழுசாகக் கேட்பதில்லை, தள்ளிக்கொண்டே போகிறாள். அதட்டினால் ‘உங்களுக்கு வயசாயிருச்சுப்பா’ என்கிறாள்.

என் அப்பா டி.எம்.எஸ்., சுசீலா, விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்று பழைய பாட்டுதான் கேட்பார். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கேசட்டை எடுத்துவிட்டு என்னுடையதைப் போட்டுவிடுவேன். ஒன்றும் சொல்ல மாட்டார், எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். போன பங்குனியில் தவறிவிட்டார். இப்போது டீக்கடையில் டி.எம்.எஸ். குரல் கேட்டால் பைக்கை நிறுத்திவிடுகிறேன்.

கெட்டுப்போனது பாட்டா, என் காதா? இன்னொன்று. அப்பாவின் தகரப் பெட்டியில் நாற்பது கேசட் இருக்கிறது. எல்லாப் பாட்டும் போனிலேயே கிடைக்கிறதே, பழைய சாமானுக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள் வீட்டில். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
ம., வேலந்தாவளம்

*

அன்புள்ள தம்பி,

கேசட்டுகளை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் ஊரும் எங்கள் ஊரும் கேரளாவின் பாலக்காட்டு மாவட்டத்தில் ஒரே தாலுகா. நான் கொழிஞ்சாம்பாறைக்குத் தெற்கே பிறந்தவள், இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். நம் ஊர்ப்பக்கத்துக் காதுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு, அதை நாம் யோசிப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாயின் வாயிலேயே உட்கார்ந்திருக்கிறோம். ஆடி மாதம் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். நமக்கு ஆடி, சித்தூர்ப் பக்கம் அதே மாதம் கர்க்கடகம், எழுத்தச்சனின் மலையாள ராமாயணத்தைச் சாயங்காலம் கோயில் ஸ்பீக்கரில் படிப்பார்கள், காற்றோடு அது எங்கள் களத்துமேடு வரை வரும். மார்கழி, தையில் காற்று திரும்பிவிடும், கிழக்கே பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கூம்பு ஸ்பீக்கரில் விடிகாலைப் பாட்டு வரும். எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டைத்தான் நான் முதலில் காற்றில் கேட்டேன், வீட்டு ரேடியோவில் கேட்டது அதற்கப்புறம். வரி முழுசாகக் காதில் விழாது. காற்று கொஞ்சம் ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்துவிடும், அடுத்த வீச்சில் நாலு வரி தள்ளித் திரும்ப வரும். விட்டுப்போன வரியை நானே இட்டுக்கட்டிப் பாடிக்கொள்வேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்றைக்குப் பாட்டு நம் கையில் இல்லை. வரும்போதுதான் வரும்.

எங்கள் அப்பா தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது, அதற்கு லைசென்ஸ் புத்தகம் உண்டு, வருடா வருடம் தபால் ஆபீசில் பணம் கட்டிவிட்டு வர வேண்டும். போட்டவுடன் பாடாது, சூடேறிக் குரல் வர அரை நிமிஷம் ஆகும். திருச்சி, திருச்சூர், சிலோன் என்கிற இலங்கை வானொலி, இந்த மூன்றுதான் எங்கள் வீட்டு முள் நிற்கும் இடங்கள். சிலோன் ஏன் தமிழ்நாடு முழுக்க அப்படி வேரோடியது என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1952ல் மத்திய தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று ஆல் இந்தியா ரேடியோவில் அதைக் கட்டுப்படுத்தினார். ஜனங்கள் சிலோன் பக்கம் போய்விட்டார்கள். அப்புறம் 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கி அரசாங்கமே சினிமாப் பாட்டுப் போட வேண்டி வந்தது. இன்றைக்கு நீங்களும் நானும் உருகுகிற ஐம்பதுகளின் பாட்டு எதையும் எடுத்துக்கொள்ளுங்கள், அது வெளிவந்தபோது ரசனையைக் கெடுக்கும் சரக்கு என்று ஒரு மந்திரியே நினைத்தார். உங்கள் முதல் கேள்விக்கு இது பாதிப் பதில்.

சரி, மீதிப் பாதி.

ரேடியோவில் நமக்குப் பிடித்த பாட்டு வாரத்துக்கு ஒரு தடவை வரலாம், வராமலும் போகலாம். அது வரும்வரை வேறு எதையெல்லாமோ கேட்க வேண்டும். உழவர் நிகழ்ச்சி, செய்தி, நாதஸ்வரம், புரியாத மலையாளக் கவிதை. ராத்திரி ஒன்பது மணிக்குமேல் அப்பா கச்சேரி வைப்பார், நாங்கள் தூங்குவது போலப் படுத்துக்கொண்டு கேட்போம். கேட்போம் என்றால், வேறு வழியில்லாமல் காதில் விழும். எனக்கு இசையில் இன்றைக்கு என்னவெல்லாம் பிடிக்கிறதோ, அதில் பாதி அப்படிக் கேட்காமலே வந்து சேர்ந்ததுதான். உங்கள் போன் இதற்கு நேரெதிராக வேலை செய்கிறது. நீங்கள் எதை முழுசாகக் கேட்டீர்கள், எதைத் தள்ளினீர்கள் என்று பார்த்து அதே ஜாதிப் பாட்டையே திரும்பத் திரும்ப நீட்டுகிறது. நீங்கள் ஆறேழு வருடமாக இளையராஜாவையும் ரகுமானையும் கேட்டால் அது இன்னும் பத்து வருடத்துக்கு அவர்களையே கொண்டுவந்து கொட்டும். பிடிக்காதது எதிரில் வருவதற்கு வழியே இல்லை. பிடிக்காதது வந்தால்தானே ஒரு நாள் அது பிடித்துப்போகும்?

1992ல் ரகுமான் வந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது, கைக்குழந்தைக்காரி, பொள்ளாச்சியில் வேலை. ஊரெல்லாம் கொண்டாடியது, எனக்கு அது மிஷின் சத்தமாகவே கேட்டது. எந்த வாத்தியம் எங்கே இருக்கிறதென்று கண்ணை மூடினால் தெரியவில்லை, குரல் ஏதோ குகைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. ஏறத்தாழ ஒன்றரை வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் போய்வந்த தனியார் பஸ்ஸில் டிரைவர் ஒருவர் காலையில் தினமும் அதே கேசட்டைப் போடுவார். பாலக்காட்டிலிருந்து வரும் பஸ், கொழிஞ்சாம்பாறையில் நான் ஏறும்போது யேசுதாஸின் மலையாளப் பாட்டு ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும், கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினதும் கேசட்டை மாற்றுவார். அங்கிருந்து பொள்ளாச்சி வரை ரகுமான். தப்பிக்க முடியாது. ஒரு நாள் ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது அதே பாட்டின் தாளத்தை என் விரல் மேஜையில் தட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் அந்தப் பாட்டு வருமா என்று காத்திருந்தேன். ராபர்ட் ஸயன்ட்ஸ் (Zajonc) என்கிற மனநூலார் 1968ல் எழுதியது இதுதான்: ஒன்று திரும்பத் திரும்ப எதிரில் வந்தாலே போதும், அதன் மேல் ஒரு பிரியம் ஊறிவிடும். படித்தபோது அந்த பஸ்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

நீங்கள் பத்தாவது படிக்கும்போது ஒரு கேசட் வாங்கினால் அதை எத்தனை தடவை போட்டிருப்பீர்கள்? இருநூறு? ஒரு புதுப் பாட்டுக்கு இப்போது எத்தனை தடவை கொடுக்கிறீர்கள்? அன்றைக்கு எல்லாப் பாட்டும் நன்றாக இருந்ததாக நமக்குத் தோன்றுகிறது. இருநூறு தடவை கேட்டால் எந்தப் பாட்டுமே ஓரளவு நம்முடையதாகிவிடும் என்பதும் அதில் சேர்த்தி.

வயது என்று மகள் சொன்னாளே, அவள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது, வருத்தப்படாதீர்கள். பத்து வயதிலிருந்து முப்பது வயது வரைக்கும் நடந்தவைதான் மனிதனுக்கு வாழ்நாள் முழுக்க அதிகமாக ஞாபகம் இருக்கின்றன என்று மனநூலார் பலர் கண்டு சொல்லியிருக்கிறார்கள். பாட்டும் அப்படியே. முதல் சைக்கிள், முதல் சம்பளம், முதல் காதல் எல்லாவற்றோடும் சேர்ந்து உள்ளே போய்விட்ட பாட்டோடு, நாற்பத்து நாலு வயதில் தவணைக் கவலையோடு கேட்கிற பாட்டு எப்படிப் போட்டி போடும்?

அப்புறம் நிஜமான காது. இளங்காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை எட்டும் என்பார்கள். வயது ஏற ஏற மேலே இருக்கிற கூர்மையான ஒலிகள்தான் முதலில் போகும், சத்தமான இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம். ஜால்ராவின் சிலிர்ப்பு மங்கும், பேச்சில் ‘ஸ’, ‘ச’ போன்ற எழுத்துகள் தேயும். எழுத்து தேய்ந்தால் வார்த்தை குழம்பும். ‘இப்ப வர்ற பாட்டுல வார்த்தையே புரியலை’ என்று நம் வயதுக்காரர்கள் சொல்வதில் பாடகர் பங்கு கொஞ்சம், பதிவில் எல்லா ஒலியையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி நெருக்கிவைக்கிற இன்றைய வழக்கத்தின் பங்கு கொஞ்சம், நம் காதின் பங்கும் கொஞ்சம். நீங்கள் பம்ப் கம்பெனியில் இருப்பதால் சொல்கிறேன், ஒரு தடவை காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பைக் ஓட்டும்போது காதில் இயர்போன் வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

ஆனால் வயது எடுத்துக்கொள்வது மட்டும் செய்வதில்லை, ஒன்று கொடுக்கவும் செய்கிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத ஆரம்பித்தேன்.

நம் கோயில் உற்சவங்களில் அடிக்கிற பஞ்சாரி மேளம் கேட்டிருப்பீர்கள். அதற்கு ஐந்து காலம், அதாவது ஐந்து வேகப் படிகள். முதல் காலத்தில் ஒரு தாளவட்டத்துக்கு 96 அட்சரம், அதாவது 96 எண்ணிக்கை, அடுத்தது 48, அப்புறம் 24, 12, கடைசியில் 6. ஒவ்வொரு காலத்திலும் வட்டம் பாதியாகச் சுருங்கும், வேகம் ஏறும். முதல் காலம்தான் ஆக நீளம். செண்டைக்காரர்கள் நூறு பேர் நின்றாலும் அதில் ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும். இலைத்தாளம் ஒரு தட்டு, ஒரு நீண்ட இடைவெளி, குழல்காரர் மூச்சு பிடித்து இழுத்துக்கொண்டே போவார், கொம்பு எங்கோ ஒரு இடத்தில் தூக்கும். சின்னப் பெண்ணாக இருக்கும்போது எங்கள் சித்தப்பா உற்சவத்துக்குக் கூட்டிப்போவார். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் வளையல் கடை, கரும்பு ஜூஸ், பலூன் என்று சுற்றிவிட்டு ஐந்தாம் காலத்துக்குத்தான் ஓடிவந்து நிற்போம். அப்போது ஆகாயமே அதிரும், ஆட்கள் கையைத் தூக்கித் தூக்கி எறிவார்கள், எங்களுக்கு மேளம் என்றால் அதுதான். ஆனால் சித்தப்பா முதல் தட்டிலிருந்தே ஒரே இடத்தில் நிற்பார், விரல் மட்டும் மெதுவாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். ஏன் சித்தப்பா இப்பவே வந்து நிக்கிறீங்க, இன்னும் அடிக்கவே ஆரம்பிக்கலையே என்று ஒரு தடவை கேட்டேன். அவர் சிரித்துவிட்டு என் தலையில் கை வைத்தார், பதில் சொல்லவில்லை.

ஐம்பது வயதுக்கு மேல்தான் எனக்கு அது விளங்கியது. ஒரு கோயிலில் சாமி வலம் வரும் சீவேலிக்குத் தற்செயலாக முன்னாலேயே போய்விட்டேன், வெயில், கால் வலி, உட்கார இடமில்லை. முதல் காலம் ஆரம்பித்து ஒரு இருபது நிமிஷம் கழிந்திருக்கும். ஒரு வட்டம் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் அத்தனை பேரும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். அந்த இறக்கம் வரப்போகிறது என்று என் உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. இருபது வயதில் அவ்வளவு தூரத்துக்கு என்னால் காத்திருந்திருக்க முடியாது. அடுத்த வட்டத்துக்கும் காத்திருந்தேன், அதற்கடுத்ததற்கும். ஐந்தாம் காலம் வந்தபோது எனக்கு அழுகை வந்தது. முதலிலிருந்து நின்றவர்களுக்கு மட்டும் கிடைக்கிற ஐந்தாம் காலம் ஒன்று இருக்கிறது, ஓடிவந்து நிற்பவர்களுக்கு அது கிடைக்காது.

கர்நாடக சங்கீதப் பாடகர் எம்.டி. ராமநாதனும் எனக்கு அப்படித்தான் கிடைத்தார். நம் பாலக்காட்டு மாவட்டத்து மஞ்ஞப்பராக்காரர், 1923ல் பிறந்தவர், டைகர் வரதாச்சாரியாரிடம் படித்துக் கலாக்ஷேத்ராவிலேயே ஆசிரியராக இருந்தவர். நான் சொன்னேனே, ராத்திரி ஒன்பது மணிக் கச்சேரி என்று, அதில் அவர் வந்தால் எங்களுக்குத் தண்டனை. தரையைத் தொடுகிற சுருதி, எருமை மேய்ச்சலிலிருந்து திரும்புவது போல ஒரு நிதானம். ஒரு சொல்லை எடுத்து வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்கு அவர் வரும்வரை எங்களுக்கு மூச்சு முட்டும். அப்பா கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். 1984ல் ராமநாதன் காலமான செய்தி வந்த அன்றைக்கு அப்பா ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார், பாடகர் ஒருவருக்காக அப்பா சாப்பிடாமல் படுத்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இப்போது வாரத்தில் இரண்டு ராத்திரியாவது நான் கேட்பது அவரைத்தான். ஒரு சுரத்தில் அவர் நிற்கும்போது அந்தச் சுரத்தின் உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்பது இப்போதுதான் தெரிகிறது. அப்பா போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது, அவரிடம் இதைச் சொல்ல முடியவில்லை என்கிற குறை எனக்கு உண்டு. அதனால் உங்கள் கடிதத்தில் திண்ணைக்கு எழுந்து போன அப்பாவைப் படித்தபோது என்னால் மேலே படிக்க முடியவில்லை, கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்ப எடுத்தேன்.

தம்பி, அவர் எழுந்து போனதற்காக உங்களை வதைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அப்பாவின் அப்பா அநேகமாக அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்து விடிய விடியப் பாடக் கேட்டவராக இருந்திருப்பார், கொங்கு நாட்டுக்காரர்கள் நம் எல்லோருக்கும் பாட்டன் காதுக்குள் அந்த உடுக்கை இருக்கிறது. அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் அப்பா ரேடியோவில் டி.எம்.எஸ். வைத்திருப்பார். கிழவர் எழுந்து போயிருப்பார். எழுந்து போவதிலும் ஒரு பெருந்தன்மை இருக்கிறது, பையன் அவன் பாட்டைக் கேட்கட்டும் என்று இடம் விடுவது அது. நீங்கள் கேசட்டை மாற்றியபோது அவர் சத்தம் போட்டிருந்தால், பாட்டு என்றாலே சண்டை என்று உங்கள் மனதில் பதிந்திருக்கும். இன்றைக்கு டீக்கடை முன்னால் நீங்கள் பைக்கை நிறுத்தியிருக்க மாட்டீர்கள்.

அதே இடத்தைத்தான் உங்கள் மகளுக்கும் நீங்கள் விட வேண்டும் என்று நினைக்கிறேன். அவள் அரை நிமிஷத்தில் தள்ளிவிடுவதைப் பார்த்தால் நமக்குப் பதறுகிறது, எனக்கும்தான். ஆனால் பாட்டின் நீளத்தை எப்போதுமே கருவிதான் அளந்து கொடுத்திருக்கிறது. பழைய கிராமபோன் தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் ஓடும். கச்சேரி மேடையில் அரை மணி நேரம் பாடக்கூடியவர்கள் தட்டுக்காக அதை மூன்றரை நிமிஷத்தில் அடக்கிப் பாடினார்கள். சினிமாப் பாட்டு அந்த அளவிலேயே பிறந்து அப்படியே பழகிவிட்டது. நாம் முழுப் பாட்டு என்று சொல்வதும் ஒரு தட்டின் அகலம்தான். அவள் கையில் இருக்கும் கருவியில் கோடிக்கணக்கில் பாட்டு கிடக்கிறது, அதில் தன்னுடையதைத் தேடுகிறவள் தள்ளாமல் என்ன செய்வாள்? ஒன்று செய்து பாருங்கள். வாரத்துக்கு ஒரு பாட்டு, அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், காதில் மாட்டிக்கொள்ளாமல் ஸ்பீக்கரில் வைத்து இரண்டு பேரும் முழுசாகக் கேளுங்கள், அபிப்பிராயம் ஒன்றும் சொல்லாமல். அதே பாட்டை அந்த வாரம் பத்துத் தடவை நீங்கள் தனியாகவும் கேளுங்கள். என் தங்கை மகன் ராப் பாட்டாகக் கேட்பான், மலையாளத்திலும் தமிழிலும். போன வருடம் அவன் இங்கே தங்கியிருந்தபோது நான் இப்படித்தான் கேட்டேன். முதல் நாலு தடவை ஒன்றும் கிடைக்கவில்லை. அப்புறம் எதுகை விழுகிற இடங்கள் தெரிய ஆரம்பித்தன, உடுக்கைக்காரர் கதையை வேகமாகச் சொல்லிக்கொண்டு போய் ஒரு சொல்லில் அடி கொடுத்து நிறுத்துவாரே, அந்த மாதிரி. மெட்டைத் தேடினதால்தான் எனக்கு அது கிடைக்காமல் போயிருந்தது. பத்தில் இரண்டு பாட்டு எனக்கு நிஜமாகவே பிடித்துவிட்டது. மீதி எட்டும் பிடிக்கவில்லை, அதையும் அவனிடம் சொன்னேன்.

சரி, கேசட்டுக்கு வருகிறேன்.

1983ல் எங்கள் மாமா துபாயிலிருந்து ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த ஒரு டூ இன் ஒன் கொண்டுவந்தார். பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை பொள்ளாச்சியில் இருந்தது, பெண்பிள்ளை நான் அங்கே போய் நிற்க முடியாது, அண்ணன்தான் போவான். நான் நோட்டுத் தாளில் பட்டியல் எழுதிக் கொடுப்பேன். அறுபது நிமிஷக் கேசட், பக்கத்துக்கு முப்பது நிமிஷம், ஆறு பாட்டு, இழுத்துப் பிடித்தால் ஏழு. எதை முதலில் வைப்பது, எதற்குப் பின்னால் எது வருவது என்று இரண்டு மூன்று நாள் எழுதி எழுதி அடிப்பேன். சோகப் பாட்டுக்குப் பின்னால் உடனே துள்ளல் பாட்டு வந்தால் மனது ஒப்பாது, நடுவில் ஒன்று வேண்டும். முதல் பட்டியலில் ஏழு பாட்டு எழுதினேன், ஏழாவது சுசீலா பாடியது, அது இரண்டாம் சரணத்துக்கு நடுவில் அறுந்துவிட்டது. பக்கம் முடிந்துபோனது, கடைக்காரர் அப்படியே விட்டுவிட்டார். ‘டக்’ என்று பொத்தான் எகிறும். பதினைந்து வருடம் எனக்கு அந்தப் பாட்டு அவ்வளவுதான். பின்னால் ஒரு கல்யாண வீட்டு மைக் செட்டில் அது முழுசாக ஓடியபோது, அந்த இடத்தைத் தாண்டிப் பாட்டு போனதும் நான் கையிலிருந்த தாம்பாளத்தை வைத்துவிட்டு நின்றுவிட்டேன். இப்போது போனில் கேட்டாலும் அந்தச் சொல் வரும்போது என் காது அந்த ‘டக்’குக்காக ஒரு நொடி நிற்கிறது. ஐந்தாவது பாட்டு எங்கே கேட்டாலும் அது முடிந்த மூன்றாவது நொடியில் ஆறாவதின் முதல் வயலின் எனக்குள் தானாகத் தொடங்கிவிடும். உலகத்தில் வேறு யாருக்கும் அப்படித் தொடங்காது.

உங்கள் அப்பாவின் நாற்பது கேசட்டில் இருக்கிற பாட்டெல்லாம் போனில் இருக்கிறது, உண்மை. விஸ்வநாதன்–ராமமூர்த்தி எங்கும் போய்விடவில்லை. (எம்.எஸ்.வி. பிறந்த எலப்புள்ளி உங்களுக்கும் எனக்கும் பக்கம்தான், பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை வரும் வழியில், ஒரு நாள் மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.) ஆனால் அந்தப் பாட்டுகள் அப்பா வைத்த வரிசையில் போனில் இல்லை. அவையெல்லாம் கடையில் பதிந்து வாங்கியதாக இருந்தால் ஒவ்வொரு பக்கமும் அவர் உட்கார்ந்து யோசித்து எழுதியது. எதை எதன் பக்கத்தில் வைத்தார் என்பது வேறு எங்கும் கிடைக்காது.

அவசரப்பட்டு டெக்கில் போட்டுவிடாதீர்கள். முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ரீலின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அதைத் தனியாக வையுங்கள், அது மற்றவற்றுக்கும் பரவும். கீழ் விளிம்பில் நடுவே செம்புப் பட்டையின் மேல் சின்னதாக ஒரு கம்பளித் துண்டு இருக்கும், பழைய கேசட்டில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும். அது இல்லாமல் ஓட்டினால் ஒலி அமுங்கிக் கேட்கும், பாட்டு கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், வேறு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம். மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருந்தால் உடைத்துவிடுங்கள், தெரியாமல் ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் அழியாது. பென்சிலை விட்டுக் கையால் கொஞ்சம் சுற்றி இறுக்கம் பார்த்துவிட்டு, ஒரு தடவை முழுக்க முன்னால் ஓட்டிப் பின்னால் ஓட்டுங்கள், வருடக்கணக்கில் ஒட்டிக்கிடந்த நாடா தளரும். டெக்கின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கம்ப்யூட்டரில் பதிந்துகொள்ளும்போது பாட்டுப் பாட்டாக வெட்டாதீர்கள், ஒரு பக்கத்தை ஒரே துண்டாக, முடிவில் வரும் வெறும் இரைச்சலோடு சேர்த்துப் பதிந்து வையுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு நோட்டு வாங்கி நாற்பது கேசட்டின் அட்டையிலும் அவர் எழுதியிருப்பதை அப்படியே எழுதுங்கள், எழுத்துப் பிழை இருந்தால் பிழையோடு. மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், அவள் படித்துச் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். எழுதி முடித்ததும் முதல் கேசட்டின் ஏ பக்கத்தை மட்டுமாவது எனக்கு அனுப்புங்கள். அவர் முதலில் எந்தப் பாட்டை வைத்தார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா